ஒட்டுமாமாவின் ஜன்னல்

ஏப்ரல் 9

அன்புள்ள பல்லத்தைக்கு,

பல் செய்கிற அத்தை என்று உன் மருமகள் வாண்டு வைத்த பேரிலேயே கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் மூவரும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று உன் அண்ணன் தினமும் சாப்பிட்டுக்கொண்டே கவலைப்படுகிறார். கவலைப்படுவது அவர் பங்கு, எழுதுவது என் பங்கு.

விஷயம் ஒட்டுமாமா. போனில் பேச முடியாது. வாண்டு ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். வீட்டுக்கு எழுதினாலும் ஆபத்து, எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். இனி என் அலுவலக முகவரிக்கே எழுது.

போன வாரம் கடையில் ஒரு கண்ணாடி ஜாடியைத் தட்டிவிட்டாள். நான் பதறிப்போய் நிற்கிறேன், அவள் கடைக்காரரிடம் நிதானமாகச் சொல்கிறாள்: "கவலைப்படாதீங்க அங்கிள். லீவு ஆரம்பிக்கிற அன்னிக்கு ஜன்னல்ல வைங்க, ஒட்டுமாமா வந்து ஒட்டிட்டுப் போயிடுவார்." அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இது நீ ஆரம்பித்து வைத்தது. அவளுக்கு மூன்று வயதில் கோப்பையின் கைப்பிடி உடைந்து அழுதபோது, விடுமுறைக்கு வந்திருந்த நீ அதை ரகசியமாக ஒட்டி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஒட்டுமாமா என்று ஒருவர் வந்துபோனதாகக் கதை கட்டினாய். அன்றிலிருந்து நீ வருகிற ஒவ்வொரு விடுமுறையின் முதல் நாளும் உடைந்த சாமான் ஒன்று ஜன்னலுக்குப் போகிறது, மறுநாள் காலையில் முழுசாகத் திரும்புகிறது. சட்டதிட்டமும் நீ போட்டதுதான். ஒரே ஒரு பொருள்தான் வைக்கலாம். அது தானாக உடைந்திருக்க வேண்டும். சொல்பேச்சு கேட்காமல் உடைத்தால் அவர் தொடமாட்டார்.

குடிதண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று நாள் முழுக்கச் சோதிக்கிறவள் நான். இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. ஜூன் விடுமுறைக்கு நீ வந்ததும் இரண்டு பேருமாக உட்கார்ந்து அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதில் எனக்குச் சிரமம் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும்.

கடைக்காரர் கதையைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருந்தேன். பட்டறையில் என்ன என்று கேட்டார்கள், சொல்லவில்லை. அண்ணி, நான் பொய்ப்பல் செய்து பிழைக்கிறவள். என்னிடம் போய்ப் பொய் கூடாது என்கிறீர்களே. நான் செய்கிற பல்லை வாங்கிப் போகிறவர்களுக்கு அது நிஜமில்லை என்று தெரியும், ஆனாலும் அதில்தான் மென்று விழுங்குகிறார்கள். வாண்டுவும் கொஞ்ச நாள் மெல்லட்டுமே. அது விழ வேண்டிய நேரத்தில் பால்பல் போலத் தானாக விழும். நீங்கள் குறடு எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

ஆனால் ஜூனில் என்னால் வர முடியாது. தலைக்கு மேல் வேலை. பல்செட்டுக்கு ஆர்டர் குவிந்து கிடக்கிறது.

நான் வராவிட்டால் ஒட்டுமாமாவும் வரக்கூடாது என்று சட்டமா என்ன? இந்த முறை மரக்குதிரையைத்தான் வைப்பாள், கால் ஒடிந்த குதிரை. இத்துடன் பல்லுக்கு அச்சு எடுக்கிற மாவு அனுப்புகிறேன். தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒடிந்த இடத்திலும் எதிர்க்காலிலும் அழுத்தி, இறுகியதும் எடுத்து அனுப்புங்கள். நான் கால் செய்து அனுப்புகிறேன். நீங்கள் ஒட்டினால் போதும்.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டுங்கள்.

என்றும் உங்கள்,
பல்லத்தை

மே 11

அன்புள்ள பல்லத்தைக்கு,

நலம். உன் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது, பேனாவை மாற்று.

அச்சு எடுத்துவிட்டோம். வாண்டு பள்ளிக்கூடம் போயிருந்தாள். உன் அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு இதற்காக வீட்டுக்கு வந்தார். குதிரையை மடியில் படுக்கவைத்துக்கொண்டு "பயப்படாதே, வலிக்காது" என்று அதனிடம் சொன்னார். இந்த மனிதரைத்தான் இருபது மாடிக் கட்டடத்தை நம்பி ஒப்படைக்கிறார்கள். மாவு முதல்தடவை நீர்த்துவிட்டது. இரண்டாம் தடவை ஆய்வுக்கூடத்து அளவுக்கரண்டியால் பிசைந்தேன், கச்சிதமாக வந்தது. அச்சைப் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்காதே. ஒட்டவே முடியாத ஒன்றை ஒரு நாள் அவள் கொண்டுவந்து வைத்தால் என்ன செய்வாய்? அதற்கு உன் சட்டதிட்டத்தில் வழி இல்லை.

அன்புடன்,
அண்ணி

மே 29

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். அங்கும் சுகம்தானே?

குதிரைக்காலை ஒரு பல்செட் டப்பாவில் வைத்து அனுப்புகிறேன். தவறிப்போய் யாராவது வாயில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறம் ஏறக்குறைய ஒத்துப்போகும். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். அந்திவேளையில் ஒட்டாதீர்கள், பசை வாசனையில் வாண்டு மோப்பம் பிடித்துவிடுவாள். விடிந்ததும் அவள் எழுவதற்குள் ஒட்டுங்கள்.

ஒட்ட முடியாததை வைத்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வைத்தால் பார்த்துக்கொள்ளலாம். குழந்தைகள் அவ்வளவு விவரம் கெட்டவர்கள் இல்லை.

என்றும் உங்கள்,
பல்லத்தை

ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். விடுமுறை தொடங்கி நாளாகிவிட்டதே. கால் பொருந்தியதா? குதிரை நின்றதா? வாண்டு என்ன சொன்னாள்? ஒன்று விடாமல் எழுதுங்கள், நான் இங்கே பறந்துகொண்டிருக்கிறேன்.

பல்லத்தை

ஜூலை 2

அன்புள்ள பல்லத்தைக்கு,

எல்லோரும் நலம். கால் வந்து சேர்ந்தது. பொருந்தியது. மழைக்கு முன்னால் எல்லா நீர்த்தொட்டிகளையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் எழுத நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் நலம் என்று எழுதியிருப்பதை நம்ப முடியவில்லை. அதுவும் நான்!

உங்கள் கடிதத்தில் நீர்த்தொட்டி இருக்கிறது, மழை இருக்கிறது, வாண்டு இல்லை. அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் நீங்கள் இதுவரை எனக்கு எழுதியதே கிடையாது. அண்ணனுக்குப் போன் செய்தேன். "எல்லாம் நல்லாயிருக்கு" என்று லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னார். வாண்டுவைக் கொடுக்கச் சொன்னேன். "நல்லா இருக்கேன் அத்தை" என்றாள், அவ்வளவுதான். குதிரையைப் பற்றியும் பேசவில்லை, ஒட்டுமாமாவைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

என்ன நடந்தது? பூசி மெழுகாமல் எழுதுங்கள்.

பல்லத்தை

ஜூலை 27

அன்புள்ள பல்லத்தைக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாய் என்றுதான் எழுதாமல் இருந்தேன். உன்மேல் எனக்குக் கோபமும் இருந்தது. இரண்டும் உண்மை.

பள்ளி மூடிய அன்று சாயங்காலம் வாண்டு பக்கத்து வீட்டு மதில்மேல் ஏறிக் குதித்திருக்கிறாள். ஏறாதே என்று நான் நூறு தடவை சொன்ன மதில். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எங்களிடம் வாயைத் திறக்கவில்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாள். இடது கையால் சாப்பிட்டாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தோம். எங்கள் கண்ணெதிரே குதிரையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

விடிந்ததும் நான் ஒரு கையில் குதிரைக்காலும் மறு கையில் பசையுமாக உள்ளே போனேன். குதிரை தரையில் கிடந்தது. வாண்டு முக்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கை ஜன்னல் விளிம்பில் இருந்தது. விரல்வரை வீங்கி, நிறம் மாறியிருந்தது.

நான் கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை. அவள் கண்ணைத் திறந்து முதலில் கையைத்தான் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "வந்துட்டுப் போயிட்டாராம்மா?" என்று கேட்டாள். நான் குதிரைக்காலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் நான் செய்தது அது ஒன்றுதான்.

விட்டு வைத்ததில் எலும்பு நகர்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து இழுத்து வைத்துக் கட்டினார்கள். சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார், எலும்பைப் பற்றி எனக்குப் பயமில்லை. அவள் அழவே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தபோது ஒரே ஒரு தடவை பேசினாள்: "நான் சொல்பேச்சு கேக்காம குதிச்சேன்ல, அதான் அவர் தொடல." ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருகிறாள்.

ஒட்டுமாமா இல்லை என்று சொன்னால், இத்தனை வருஷமும் பொய் சொன்னோம் என்று ஆகும். சொல்லாவிட்டால், அவர் தன்னை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். நீயே சொல், எதைச் செய்ய?

அண்ணி

ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணிக்கு,

வாண்டு நலமாக வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

சொல்லிவிடுங்கள். உடனே சொல்லிவிடுங்கள். அவரை உண்டாக்கியது பல்லத்தை, சட்டம் போட்டது பல்லத்தை, பொய் சொன்னது பல்லத்தை என்று சொல்லுங்கள். உங்கள் மேல் அவளுக்கு இருக்கிற நம்பிக்கை உங்களுக்கு வேண்டும், நீங்கள் தினமும் அவளோடு இருக்கிறவர்கள். எப்போதோ வந்து போகிற நான் பொய்க்காரியாக இருந்தால் அவளுக்கு நஷ்டமில்லை. விளையாட்டுக்குப் போட்ட சட்டத்தில் அந்தக் குழந்தை தன்னையே தண்டித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கவே முடியவில்லை. ஓடி வந்து அவள் பக்கத்தில் உட்காரவேண்டும் போல இருக்கிறது. முடியவில்லை.

பல்லத்தை

ஆகஸ்ட் 25

அன்புள்ள பல்லத்தைக்கு,

நலம். இந்த முறை எழுதும்போது அந்தச் சொல் நிஜமாகவே வருகிறது. கட்டுப் பிரித்தாயிற்று. விரல்களை நன்றாக மடக்குகிறாள்.

சொல்லிவிட்டேன். நீ சொல்லச் சொன்னபடி இல்லை. நானும் அப்பாவும்தான் ஒட்டினோம் என்று சொன்னேன், உன் பேரை எடுக்கவில்லை. மதிலேறிக் குதித்தவளையும் அம்மா கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று அவளுக்குத் தெரியவேண்டும். அதற்கு அந்தக் கதையில் நானும் இருக்கவேண்டும் என்று தோன்றியது.

குதிரைக்காலை எடுத்துக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப அவர் எம்மேல கோவமா இல்லையா?" என்றாள். இல்லாதவருக்கு எப்படிடி கோபம் வரும் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். அத்தனை நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. உன் அண்ணன் எழுந்து போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், தண்ணீரை வீணாக்குகிறார் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை.

முகம் கழுவிக்கொண்டு வந்தவள் திடீரென்று கவலையோடு கேட்டாள்: "அத்தைக்குத் தெரியுமா?"

எது என்றேன்.

"ஒட்டுமாமா இல்லன்னு. சொல்லிடாதீங்கம்மா. அத்தை பாவம், ரொம்ப நம்பறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். உன் நிலைமை இப்படி ஆகிவிட்டது. அக்டோபர் விடுமுறைக்கு நீ வந்தால் உடைந்த சாமான் ஏதாவது கொண்டுவரவேண்டுமாம், அவளே ஒட்டி வைப்பாளாம். பசை பாட்டிலை இப்போதே ஒளித்து வைத்துவிட்டாள்.

இனி ஒரு கேள்வி. கால் பொருந்தியது என்று எழுதினேன், பொருந்தவில்லை. குட்டையாக இருக்கிறது; ஓரத்தில் கருவி வழுக்கின கீறல்கள். அட்டை மடித்துக் கொடுத்துத்தான் குதிரையை நிறுத்தியிருக்கிறோம். நான் எடுத்த அச்சில் தப்பில்லை. உன் எழுத்து மாதத்துக்கு மாதம் மோசமாகிறது, பேனா பேனாவாக மாற்றியும் அதே கோணல். ஓடி வரவேண்டும் போல இருக்கிறது, முடியவில்லை என்கிறாய். சோதித்துப் பார்ப்பதுதான் என் வேலை என்பதை மறந்துவிட்டாயா?

அன்புடன்,
அண்ணி

செப்டம்பர் 13

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன்.

வலது கை நடுங்குகிறது. வருஷத் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. முதலில் கட்டைவிரல் மட்டும், இப்போது கையே. பட்டறையில் பல் செதுக்குவதை நானே விட்டுவிட்டு, மாவு கலக்குகிற வேலைக்குப் போய்விட்டேன். ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்று உங்களுக்கு எழுதியபோதே அது என் மேஜைக்கு வருவது நின்றிருந்தது. வீட்டுக்கு வந்தால் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் வரவில்லை. குதிரைக்காலைப் பல தடவை செய்தேன். அனுப்பியதுதான் இருந்ததில் சுமாரானது.

டாக்டரிடம் போனாயா என்று கேட்பீர்கள். போகவில்லை. கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று இருக்கிறேன். பேர் வைத்துவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயமாக இருக்கிறது அண்ணி. அண்ணனிடம் இப்போது சொல்லவேண்டாம்.

அக்டோபரில் வருகிறேன். கைப்பிடிக் காது உடைந்து தனியாகக் கிடக்கிற ஒரு கோப்பை இருக்கிறது, கொண்டுவருகிறேன். நம்புகிறவளாக நடிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பல்லத்தை

அக்டோபர் 22

அன்புள்ள அண்ணிக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். பையில் நீங்கள் வைத்த பழங்கள் ஒன்றும் நசுங்கவில்லை. அங்கே இருந்த நாட்களில் நீங்கள் என் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, தேநீரை மட்டும் பாதிக் கோப்பை ஊற்றிக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல வாயில் வரவில்லை, எழுத்தில் சொல்கிறேன்.

விடுமுறையின் இரண்டாம் நாள் காலையில் நீங்கள் எழுவதற்கு முன் நடந்தது உங்களுக்குத் தெரியாது. வாண்டு சொல்லியிருக்கமாட்டாள்.

முந்தைய நாள் அந்தியில் கோப்பையை எல்லோரும் பார்க்க ஜன்னலில் வைத்தேன் அல்லவா? எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிகிற சமயத்தில் போய் அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். உங்கள் ஜூலைக் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த ஜன்னல் மனதை விட்டுப் போகவில்லை. கோப்பையை நகர்த்திவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். விளிம்பு சில்லென்று இருந்தது. கை அதன்மேல் ஆடிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. வாண்டு, கையில் பசை பாட்டில். என்னைப் பார்த்ததும் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். அது குளிரில் நடுங்கவில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பாட்டிலைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, நடுங்குகிற கைமேல் தன் கையை வைத்தாள். அந்தப் பழைய முறிவு இருந்த கைதான்.

"அத்தை, ஒட்டுமாமாவுக்குக் கையெல்லாம் ஒட்டத் தெரியாது. பொம்மை, கோப்பை, அவ்வளவுதான். நீங்க ஏதோ தப்பு செஞ்சதால இல்ல. அவர் மேல கோவப்படாதீங்க. கைக்கு டாக்டர்கிட்டதான் போகணும்."

பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவளிடம் அதைச் சொன்னேன் அண்ணி, உங்களிடம்கூட எழுத்தில்தான் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "மதில்ல குதிச்ச அன்னிக்கே போயிருந்தா எனக்குக் கம்மியா வலிச்சிருக்கும்" என்றாள்.

நான் திரும்பிப் போய்ப் படுத்த பிறகு கோப்பையை அவள் ஒட்டிய விதத்தைப் பார்த்திருப்பீர்கள், காது வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒட்டுமாமாவுக்கு வேலைச் சுத்தம் போதவில்லை என்றேன், அவர் பாவம் வயசாகிவிட்டது என்றாள். அதில்தான் இப்போது தேநீர் குடிக்கிறேன். பிடிக்க வாகாகத்தான் இருக்கிறது.

அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். கொஞ்சம் வலிக்கும் என்று வாண்டு சொல்லியிருக்கிறாள்.

என்றும் உங்கள்,
பல்லத்தை